வடக்கு விறாந்தையின் வெயில்

சென்ற ஆண்டு எமது கற்கைநெறி ஒன்றுக்காக, மாணவர் ஒவ்வொருவரும் முதியவர் ஒருவரின் வாய்மொழி வரலாற்றைப் பத்து நிமிட ஒளிப்பதிவாக ஆக்கிச் சமர்ப்பிக்க வேண்டியிருந்தது. அதற்கென விதிக்கப்பட்ட நிபந்தனைகளுள் ஒன்று, பேசுபவர் எந்தச் சூழலைப் பற்றிப் பேசுகின்றாரோ அந்தச் சூழல் பார்ப்போர் கண்ணுக்குத் தெரிதல் வேண்டும் என்பது. குயவரெனின் சக்கரமும் சூளையும், தோட்டக்காரரெனின் வெங்காயப் பாத்தியும் துலாவும் தெரிய வேண்டும். நியாயமான நிபந்தனைதான், குறை சொல்வதற்கில்லை. ஆனால் நான் தெரிந்தெடுத்தவர் என் அம்மம்மா. அவர் பேச விரும்பியதோ, வலிகாமம் வடக்கில், பலாலிக்கு அண்மையில், 1990 ஆம் ஆண்டு ஆனி மாதத்தில் விட்டு வந்த வீட்டைப் பற்றி. அக்காணி இற்றைவரை முட்கம்பி வேலிக்கு அப்பாலேயே கிடக்கின்றது. எம்மிடம் எஞ்சியிருப்பது ஒரேயொரு வண்ணப்படம். அஞ்சலட்டை அளவினது. வடக்கு நோக்கிய விறாந்தை, நான்கு தூண்கள், ஒரு சாய்மனைக் கதிரை. மனிதர் எவரும் அதில் இல்லை.

அந்தப் படம் எடுக்கப்பட்ட கதையையும் சொல்லிவிடுகிறேன். மாமா இரவல் வாங்கிய கமராவில் எஞ்சியிருந்த கடைசிப் படத்தை எடுத்து முடித்துச் சுருளைக் கழுவக் கொடுக்கும் அவசரத்தில், கண்ணிற் பட்டதை நோக்கி அழுத்தியதாம். அவ்வீட்டில் நிகழ்ந்த கலியாணங்களின் படங்களெல்லாம் போன இடம் தெரியவில்லை. சுருள் வீணாகக் கூடாதென்று எடுத்த படமே மிஞ்சியது.

அம்மம்மாவை அந்த விறாந்தையில் இருத்திப் பேசவைக்க ஒரு வழிதான் இருந்தது. பச்சைத் திரையொன்றின் முன் அவரை இருத்திப் படமெடுத்து, பின்னர் கணினியில் அப்பச்சையை அகற்றி, அவ்விடத்தில் பழைய படத்தை வைப்பது. கைத்தொலைபேசியே பின்னணியை நீக்கித் தரும் இக்காலத்தில் சீலையும் விளக்கும் எதற்கு என்று தம்பி கேட்டான். 2020 இல் பெருந்தொற்றின் காரணமாக வகுப்புகள் இணையவழிக்கு மாறியபோது, எம்மிற் பலர் அடுக்களைச் சுவரை மறைப்பதற்குப் பொய்ப் பின்னணிகளை வைத்துக்கொண்டு உயர்தர வகுப்புப் படித்தவர்கள். ஆதலால் அவன் சொன்னபடியே முதலிற் செய்து பார்த்தோம். மனிதர் எங்கே முடிகின்றார், பின்னணி எங்கே தொடங்குகின்றது என்பதை அந்தப் பொறி ஊகித்தே அறிகின்றது. அம்மம்மாவின் நரைத்த கூந்தலிற் பாதியைச் சுவரென்று நினைத்துச் சீவி எறிந்தது. அவர் கையை உயர்த்தியபோதெல்லாம் விரல்கள் காற்றிற் கரைந்தன. கை அசைக்காமற் பேச அம்மம்மா அறியார். எனவே சீலையே கதி என்று முடிவாயிற்று.

இம்முறையின் தத்துவம் எளியது. மனிதத் தோலில் மிகக் குறைவாக உள்ள ஒரு நிறத்தைப் பின்னால் நிறுத்து. அந்நிறம் உள்ள இடமெல்லாம் இல்லாத இடம் எனக் கணினிக்குச் சொல். இன்றைய கணினிக் காலத்துக்கு முன்பே இவ்வித்தை தொடங்கிவிட்டது. பிரான்சியரான ஜோர்ஜ் மெலியெஸ் 1898 இல் தம் தலையைத் தாமே கழற்றி மேசைமேல் வைக்கும் வேடிக்கைப் படத்தைக் கறுப்புப் பின்னணியின் துணைகொண்டு செய்து காட்டினார். 1940 இல் வெளிவந்த ‘பக்தாத் திருடன்’ என்ற ஆங்கிலப் படத்தில் லோரன்ஸ் பட்லர் நீலத் திரையைக் கையாண்டு ஒஸ்கார் விருதும் பெற்றார். நீலம் இருந்த இடத்துக்குப் பச்சை வந்தமைக்கு மின்னணுக் கமராவே முக்கிய காரணம். கொடாக் நிறுவனத்தைச் சேர்ந்த பிரைஸ் பேயர் 1976 இல் காப்புரிமை பெற்ற அமைப்பின்படி, கமராவின் உள்ளே ஒளியை உணரும் புள்ளிகள் நந்நான்காகத் தொகுக்கப்பட்டுள்ளன. அவற்றுள் இரண்டு பச்சைக்கும், ஒன்று சிவப்புக்கும், ஒன்று நீலத்துக்கும் உரியவை. மனிதக் கண் பச்சையையே கூர்ந்து உணரும் என்பதால் அவர் அவ்வாறு வகுத்தார். ஆகவே இன்றைய கமராவுக்குப் பச்சையே மிகத் தெளிவாகத் தெரியும் நிறம். இதனை நான் படித்தறிந்தேன். சீலை வாங்கும் விடயத்தை மட்டும் பட்டே அறிந்தேன்.

புடைவைக் கடையில் முதலில் வாங்கியது மினுமினுப்பான சற்றின் துணி. கடையிற் பார்க்க அழகாக இருந்தது. விளக்கைப் போட்டதும் அதன் ஒவ்வொரு மடிப்பும் வெள்ளிக் கம்பி போல ஒளிர்ந்தது. கணினிக்கு அவை பச்சையல்ல, வெள்ளை. எனவே அம்மம்மாவின் தோளுக்குப் பின்னே வெள்ளிக் கீறல்கள் அந்தரத்தில் தொங்கின. இரண்டாம் முறை மினுக்கமற்ற பருத்தித் துணியில் நான்கு மீற்றர் வாங்கினேன். அம்மா இரு அகலங்களைச் சேர்த்துத் தைத்துத் தந்தார். மூட்டு பின்பக்கம் போகும்படி தைத்தமை அவருடைய கெட்டித்தனம். மின்னழுத்தியால் அழுத்தி, மேலே ஒரு மூங்கிலிற் கோத்து, கீழே செங்கற்களாற் பாரம் ஏற்றி, இரு ஓரங்களையும் உடுப்புக் கிளிப்புகளால் யன்னற் கம்பியோடு இழுத்துக் கட்டினோம். மின்விசிறியை நிறுத்தினால்தான் சீலை அசையாது. நிறுத்தினால் அம்மம்மாவுக்கு வியர்க்கும்; வியர்த்தால் நெற்றி ஒளிரும். ஆகவே எட்டு நிமிடம் பதிவு, ஐந்து நிமிடம் விசிறி என்ற முறைமை ஏற்பட்டது.

பச்சைத் திரையின் முழு இரகசியமும் ஒளியமைப்பில் இருக்கிறது. சீலைக்கு ஒளி வேறு, ஆளுக்கு ஒளி வேறு என்பதே முதற்பாடம். இதனை அறியாத முதல் நாளில், ஒரே விளக்கை அம்மம்மாவின் முன்னே வைத்து இரண்டையும் ஒருங்கே ஒளிரச் செய்ய முயன்றேன். அவருடைய நிழல் சீலையில் விழுந்தது. நிழல் விழுந்த பச்சை கரும்பச்சையாயிற்று. கணினி அதனை அகற்ற மறுத்தது. பின்னர் நான்கடி நீளமான எல்.ஈ.டி. குழல் விளக்குகள் இரண்டை, ஒவ்வொன்றும் 20 உவாற்று, சீலையின் இரு ஓரங்களிலும் நிலைக்குத்தாக நிறுத்தினோம். இடப்புற விளக்கு சீலையின் வலப்பாதியை நோக்கியும், வலப்புற விளக்கு இடப்பாதியை நோக்கியும் சற்றுத் திரும்பியிருக்க வேண்டும். அண்மையிலுள்ள ஓரம் கூடுதலாக ஒளிர்வதை இது தடுக்கும். ஒளிமானி எம்மிடம் இல்லை. ஆயினும் சீலையைக் கைத்தொலைபேசியிற் படமெடுத்து, அதனைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பார்த்தால் போதும். ஒரே சாம்பல் நிறமாகத் தெரிந்தால் ஒளி சமம். மூலையில் இருண்டால் அங்கே குறை. நிறம் இருக்கும்வரை கண்ணை ஏமாற்றும் பேதங்கள், நிறம் போனதும் வெளிப்படுகின்றன.

யன்னலை முற்றாக அடைத்தோம். முகில் வரும், போகும். அதை நம்பிப் பதிவு செய்ய இயலாது. கமரா தானாக ஒளியையும் நிறத்தையும் திருத்திக்கொள்ளும் வசதியையும் பூட்டிவைத்தோம். இல்லாவிடில் அம்மம்மா கையை உயர்த்தும் ஒவ்வொரு தடவையும் பச்சை ஒரு படி மாறும். எமது நாட்டின் மின்னோட்டம் செக்கனுக்கு 50 சுற்றுடையது. கமராவின் திறப்பு நேரத்தை ஐம்பதில் ஒரு செக்கனாக வைக்கும்வரை, சில விளக்குகளின் கீழே படத்தில் கரும்பட்டைகள் மெல்ல ஊர்ந்துகொண்டிருந்தன. அதைக் கண்டுபிடிக்க ஒரு மாலைப்பொழுது முழுவதும் சென்றது. பொருள் நோக்கிற் சிறிய செய்தியாதலின் விரிக்கவில்லை.

அடுத்தது பச்சைக் கசிவு. ஒளிபட்ட சீலை தானும் ஒரு விளக்காகிப் பச்சையை அறையெங்கும் வீசும். கன்னக் கதுப்பிலும் கழுத்தோரத்திலும், எல்லாவற்றிலும் மேலாக நரைமயிரிலும் அது படியும். கருங்கூந்தலுக்கு இத்துன்பம் குறைவு; நரைத்த தலை வெள்ளைத் தாள் போன்றது, எதை வீசினாலும் ஏற்கும். அம்மம்மாவின் தலையைச் சுற்றி இளம்பச்சை விளிம்பொன்று தோன்றியது. சீலையை விட்டு ஏழெட்டு அடி விலகி இருப்பதே இதற்கு மருந்து. எமது அறையோ பத்தடிக்குப் பன்னிரண்டு. சீலையைக் கடைசிச் சுவரிற் கட்டி, அம்மம்மாவை வாசலை அண்டி இருத்தி, கமராவை அறைக்கு வெளியே கூடத்தில் நிறுத்தினேன். வீட்டார் மூன்று நாள் கொல்லைப்புறத்தால் நடமாடினார்கள். அம்மம்மாவின் பின்னே சற்று உயரத்திலிருந்து சிறு விளக்கொன்று தலைமயிரின் ஓரத்தைத் தொடும்படி வைத்ததும் பச்சை விளிம்பு மறைந்தது. முகத்துக்குரிய பிரதான விளக்கைக் கமராவின் வலப்புறம் வைத்து, எண்ணெய்த்தாளால் மறைத்து மென்மையாக்கினேன். வலப்புறம் வைத்தமைக்குக் கலைசார்ந்த காரணம் எதுவும் இல்லை. மின்னிணைப்பு அந்தச் சுவரில்தான் இருந்தது.

நான்காம் நாள் இரவு, பச்சையை அகற்றி விறாந்தையை அமைத்து, அம்மம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். விளிம்புகள் சுத்தம். மயிர் ஒவ்வொன்றாகத் தெரிந்தது. வெற்றியென்றே நம்பினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

“எடி பிள்ளை, வீட்டிலை காலமை வெயில். எனக்கு மட்டும் பின்னேரமோ?”

எனக்கு விளங்கவில்லை. அவர் திரையில் விரலை வைத்துக் காட்டினார்.

“தூண் நிழல் எந்தப் பக்கம் சரிஞ்சு கிடக்குது, பார். அது கிணத்தடிப் பக்கம், மேற்கு. அப்ப வெயில் கிழக்காலை வருகுது. என்ரை முகத்திலை எந்தப் பக்கம் வெளிச்சம்?”

உண்மைதான். வடக்கு நோக்கிய விறாந்தையை முற்றத்திலிருந்து பார்த்தால் கிழக்கு நமக்கு இடப்புறம். படத்திலுள்ள நிழல்கள் வலப்புறம் சாய்ந்திருந்தன. நானோ அவருக்கு மேற்கிலிருந்து ஒளி கொடுத்திருந்தேன். பொய்ப் பின்னணிப் படங்களிற் பலவற்றைப் பார்க்கும்போது ஏதோ பொருந்தவில்லை என்று தோன்றும், இன்னதென்று சொல்ல வராது. பெரும்பாலும் காரணம் இதுவே. விளிம்புகளில் உள்ள பிழையைக் கண் மன்னிக்கும், இரண்டு சூரியன்களை மன்னிக்காது. நான் நான்கு நாளாக விளிம்போடு மல்லாடிக்கொண்டிருந்தேன்.

அம்மம்மா அத்துடன் விடவில்லை. “தை, மாசியிலை அந்த விறாந்தையிலை வெயில் ஏறாது. பங்குனி பாதி போகத்தான் காலமையிலை எட்டிப் பாக்கும். ஆனியிலைதான் தூணைத் தாண்டி உள்ளுக்கை வந்து கதிரையிலை குந்தும். இது ஆனி மாசத்துப் படம்.”

மாமாவைக் கேட்டோம். அவர் கனடாவிலிருந்து தொலைபேசியில், அது கார்த்திகை மாதம், மழை விட்ட நாள் என்று சாதித்தார். நான் புவியியல் நூலைப் புரட்டினேன். யாழ்ப்பாணம் வடவகலக்கோடு ஏறத்தாழ 9.7 பாகையில் உள்ளது. பங்குனி மாதத்துச் சமவிராக்காலம் தொட்டுப் புரட்டாதி மாதத்துச் சமவிராக்காலம் வரை சூரியன் கிழக்குக்குச் சற்று வடக்கே உதிக்கும். ஏனைய ஆறு மாதமும் தெற்கே உதித்துத் தெற்காலேயே செல்லும். சித்திரை நடுவிலிருந்து ஆவணிக் கடைசி வரை நண்பகலிற் கூட அது எமது உச்சிக்கு வடக்கே நிற்கும். வடக்கு விறாந்தையில் வெயில் மிக ஆழமாகப் புகுவது ஆனியில். கார்த்திகையில் அங்கே நேர்வெயில் விழ வழியே இல்லை. கதிரைக்குப் புதுப் பிரம்பு பின்னியது 1989 இல் என்றும், படத்திலுள்ளது புதுப் பிரம்பு என்றும் அம்மம்மா மேலும் கூறினார். அடுத்த ஆனியில் அவர்கள் வீட்டை விட்டு வெளியேறிவிட்டார்கள். ஆதலின் அது 1989 ஆனி மாதத்துக் காலை. முப்பது ஆண்டுகளுக்கு மேலாகத் திகதியின்றிக் கிடந்த படத்துக்கு விளக்கு வைக்கப்போய்த் திகதி கிடைத்தது.

பின்பு அம்மம்மாவே ஒளியமைப்பாளர் ஆனார். நானும் தம்பியும் எடுபிடிகள். எண்ணெய்த்தாளைக் கழற்றச் சொன்னார். காலை வெயிலுக்குத் திரை ஏது? அயலிலுள்ள மின்வேலைக்காரரிடம், கோயில் வீதிக்குப் போடும் 50 உவாற்று விளக்கொன்றை இரவல் வாங்கி, நீண்ட வயரிழுத்து இடப்புறம் நிறுத்தினோம். “இன்னும் பதிச்சுப் போடு. ஏழரை மணி வெயில் உவ்வளவு உயரத்திலை நிக்காது.” பதித்தோம். ஒரு கன்னம் ஒளிர்ந்து, மற்றைக் கன்னம் கருமையாயிற்று. நிழற்பக்கத்தை நிரப்புவதற்காக, குளிர்சாதனப் பெட்டியோடு வந்த வெள்ளை றெஜிபோம் பலகையைத் தரையில் வைத்தேன். வெளிச்சம் கீழிருந்து எழும்பிற்று; ஆனாலும் முகம் வைத்தியசாலை விறாந்தையில் இருப்பவர் முகம்போல வெளிறித் தோன்றிற்று. நான் காரணம் தேடிக்கொண்டிருக்க, அம்மம்மா, “முத்தம் செம்மண்ணெல்லோ,” என்றார்.

வலிகாமம் வடக்கு மண்ணின் செம்மையை அறியாதாருக்கு இது விளங்காது. வெயில் அந்த மண்ணிற் பட்டுத் தெறித்தே விறாந்தைக்குள் நுழைந்திருக்கும். அம்மாவின் காவி நிறப் படுக்கை விரிப்பை றெஜிபோமின் மேல் விரித்தோம். அம்மம்மாவின் தாடையின் கீழும் கண்குழியிலும் ஒரு செம்மை மெல்ல ஏறியது. அதன்பின் கணினியிற் பொருத்தியபோது நான் செய்ய வேண்டியிருந்தது மிகச் சொற்பம். பழைய படத்தின் மங்கலுக்கு ஏற்ப அவருடைய உருவத்தின் கூர்மையைக் குறைத்து, மாமா நின்று எடுத்த உயரத்துக்குக் கமராவை உயர்த்திப் பதிந்ததோடு வேலை முடிந்தது. அம்மம்மா விறாந்தையில் இருந்தார்.

இன்னுமொரு பிழை இருந்தது. அம்மம்மாவின் காதிற் பச்சைக்கல் தோடு. 1990 இல் வெளிக்கிட்டபோது காதிற் கிடந்தபடியால் வந்து சேர்ந்த சொத்து அது. சீலையின் பச்சையும் கல்லின் பச்சையும் கணினிக்கு ஒன்றாகவே தெரிந்தன. அவர் தலையைத் திருப்பும்போதெல்லாம் இரு காதிலும் கடுகளவு துவாரம் தோன்றி, அதனூடே விறாந்தைச் சுவர் தெரிந்தது. தோட்டைக் கழற்றிவிட்டு மீண்டும் பதிவோமா என்றேன். கழற்றமாட்டேன் என்றார். ஆகவே தோட்டைச் சுற்றி ஒரு சிறு வட்டம் வரைந்து, அதற்குள் பச்சையைத் தொடாதே என்று கணினிக்குப் பணித்து, தலை அசையும் வழியெல்லாம் அவ்வட்டத்தை நகர்த்தினேன். செக்கனுக்கு 25 சட்டங்கள். இரண்டு இரவுகள் சென்றன.

முடிந்ததைக் காட்டியபோது அவர் முதலிற் சிரித்தார். கதிரையின் கைப்பிடியைத் தொட்டுப் பார்ப்பவர் போலத் திரையைத் தடவினார். பிறகு கேட்டார்: “இனி அங்காலை திருப்பு. கிணத்தடியைக் காட்டு.”

திருப்ப இயலாது என்று விளக்கினேன். எம்மிடம் இருப்பது ஒரு படம். மாமா நின்ற இடத்திலிருந்து, அந்த ஒரு கணத்தில் தெரிந்தது மாத்திரமே. விறாந்தைக்குப் பின்னுள்ள கூடமோ, அடுக்களையோ, கிணற்றடியோ அதில் இல்லை. அவர் தலையசைத்தார். விளங்கியது போலும், ஏமாற்றமும் தெரிந்தது. இணையத்தில் ஏதாவது பழைய யாழ்ப்பாணத்துக் கிணற்றின் படத்தை எடுத்து வைக்கலாமே என்று தம்பி மெதுவாகச் சொன்னான். எனக்கும் அந்த எண்ணம் வராமலில்லை. செய்முறையில் அது அரைமணி நேர வேலை. ஆனால் முந்திய வாரம் முழுவதும் ஒரு கன்னத்தின் வெயிலுக்காக எம்மை ஆட்டிவைத்தவர், வேறொருவருடைய கிணற்றின் முன்னே என்ன சொல்வார்? நான் அதைச் செய்யவில்லை.

மட்டக்களப்பு வட்டக்களரியில் ஆடும் அண்ணாவியாருக்கும் கூத்தருக்கும் பின்னால் எந்தத் திரையும் இல்லை. சுற்றிவரச் சனம். அரண்மனையும் வனமும் பாட்டிலும் தாளத்திலுமே எழும். 1960களிற் பேராசிரியர் வித்தியானந்தன் அக்கூத்துகளைப் பேராதனையிற் படச்சட்ட மேடைக்குக் கொண்டுவந்தபோது இழந்தவை எவை, பெற்றவை எவை என எமது வகுப்பில் விவாதித்திருக்கிறோம். அவ்விவாதத்தில் நான் மேடையின் பக்கம் நின்று பேசியவள்.

கிணற்றடிப் பகுதியை அடுத்த நாட் காலையிற் பதிவு செய்தேன். அதே சீலை, அதே விளக்குகள். இம்முறை பச்சையை அகற்றவில்லை. சமர்ப்பித்த பதிவில் முதல் ஏழு நிமிடம் அம்மம்மா தம் விறாந்தையில் இருக்கின்றார். கடைசி மூன்று நிமிடமும் வெறும் பச்சைச் சீலையின் முன்னே இருக்கின்றார். சூழல் தெரியவேண்டுமென்ற நிபந்தனை மீறப்பட்டதென்று புள்ளிகள் குறைக்கப்பட்டன. குறைத்ததில் எனக்கு முறைப்பாடு இல்லை. விதி அப்படி.

அந்த மூன்று நிமிடத்தில், அடுக்களை வாசலால் இறங்கி, வாழைப்பாத்தியைச் சுற்றி, துலா மிதிக்கும் ஆடுகாலைக் கடந்து கிணற்றுக்குப் போகும் வழியை அவர் சொல்கின்றார். சொல்லிக்கொண்டே எழுந்துவிட்டார். சீலை அவருடைய உயரத்துக்குப் போதவில்லை. தலைக்கு மேலே மூங்கிலும், எமது வாடகை வீட்டுச் சுவரும், அதிலே தொங்கிய நாட்காட்டியும் தெரிகின்றன. கை சீலையை விட்டு வெளியே நீண்டு, குளிர்சாதனப் பெட்டி நின்ற திசையைக் காட்டி, “உந்தா, உதிலைதான் கிணறு,” என்கின்றது. அந்த இடத்தை நான் வெட்டவில்லை.